ஆன்டினோவஸ்: நைலில் மூழ்கிய இளைஞன் தெய்வமானது எப்படி?

ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் பேரன்புக்குரியவனாக இருந்த ஆன்டினோவஸ் என்ற இளைஞன் இறந்தபின் கடவுளாக்கப்பட்டது எப்படி, அது துயரத்தில் மூழ்கிய ஓர் அரசரின் ஆணையால் மட்டும் நடந்ததா, அல்லது மக்கள் உண்மையிலேயே அவனை வணங்கினார்களா என்பதே கேள்வி. தொடக்கம் அரசருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹேட்ரியன் இறந்த பிறகும் அந்த வழிபாடு நீண்டகாலம் நிலைத்ததற்கு அவருடைய துயரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நைல் நதியைப் பற்றிய எகிப்தியரின் பழைய நம்பிக்கை, கிரேக்க நகரங்களின் ஆர்வம், எளிய மனிதர்களின் அன்றாடத் தேவை ஆகிய மூன்றும் அந்த இளைஞனைத் தங்கள் தெய்வமாக எடுத்துக்கொண்டன என்பதே என் கருத்து. சான்றுகளும் அதைத்தான் காட்டுகின்றன.

முதலில் அவன் யார் என்பதைப் பார்ப்போம். ஆன்டினோவஸ் இன்றைய துருக்கியின் வடமேற்கில், போலு என்ற ஊர் இருக்கும் இடத்தில் அன்று இருந்த பித்தினியோன் நகரத்தைச் சேர்ந்தவன். அந்நகரத்துக்குக் கிளாடியோபோலிஸ் என்றும் பெயருண்டு. பித்தினியா ரோமப் பேரரசின் கீழிருந்த கிரேக்க மொழி மாகாணம். அவனுடைய பிறந்தநாள் நவம்பர் 27 என்பது பின்னால் நான் விரிவாகச் சொல்லப்போகும் ஒரு கல்வெட்டினால் தெரிகிறது. பிறந்த ஆண்டு 110-ஐ ஒட்டி இருக்கலாம் என்பது சிலைகளின் முகத்தைக் கொண்டு அறிஞர்கள் செய்த கணிப்பு. ஹேட்ரியன் 123-இல் அந்த மாகாணத்துக்கு வந்தபோது அவனைக் கண்டிருக்கலாம் என்பதும் கணிப்பே. அவன் பேசிய ஒரு சொல்லோ எழுதிய ஒரு வரியோ இன்று நம்மிடம் இல்லை. அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பவை எல்லாம் மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வைகள்தாம்.

ஹேட்ரியன் 117 முதல் 138 வரை ஆண்டவர். கிரேக்கப் பண்பாட்டின் மீது அவருக்கு இருந்த பற்று இளமையிலேயே "குட்டிக் கிரேக்கன்" என்ற கேலிப் பெயரை வாங்கித் தந்தது. தாடி வளர்த்துக்கொண்ட முதல் ரோமப் பேரரசர் என்று அவரைச் சொல்வது வழக்கம். ஆட்சிக்காலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை மாகாணங்களில் பயணம் செய்தே கழித்தார். மனைவி சபீனாவுடனான வாழ்க்கையில் குழந்தைப் பேறு இல்லை. வயது வந்த ஆண் ஒருவர் வளரிளம் பருவத்து ஆண் ஒருவனைத் தன் அன்புக்குரியவனாக வைத்துக்கொள்வது கிரேக்க உயர்குடியினரிடையே நெடுங்காலமாக ஏற்கப்பட்டிருந்த வழக்கம். ஹேட்ரியன் அந்த வழக்கத்தைத்தான் பின்பற்றினார், அன்றைய உலகம் அதில் வியப்படையவுமில்லை. ஆயினும் இதைப் பேரழகான காதல் கதையாக மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. உலகின் மிகப் பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த நடுவயதுக்காரர் ஒருவரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பு ஒரு மாகாணச் சிறுவனுக்கு இருந்திருக்குமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அவனைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஹெகெசிப்பஸ் அவனை ஹேட்ரியனின் அடிமை என்றே குறிப்பிடுகிறார். அது சட்டப்படி உண்மையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், அக்காலத்தவர் சிலருடைய கண்ணுக்கு அவன் நிலை அப்படித் தெரிந்தது என்பதாவது அதிலிருந்து விளங்குகிறது.

130-ஆம் ஆண்டில் அரச பரிவாரம் எகிப்தில் இருந்தது. அலெக்சாண்ட்ரியாவுக்கு மேற்கே லிபியப் பாலைவனத்தில் மக்களை அச்சுறுத்திய சிங்கம் ஒன்றை ஹேட்ரியனும் ஆன்டினோவஸும் வேட்டையாடினார்கள். பாங்க்ரடீஸ் என்ற எகிப்தியக் கவிஞர் அதைப் பாடினார். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த பாப்பிரஸ் சுவடித் துண்டில் அந்தப் பாடலின் சில வரிகள் இன்றும் உள்ளன. கொல்லப்பட்ட சிங்கத்தின் குருதி சிந்திய இடத்தில் செந்தாமரை முளைத்தது என்றும், அதை ஆன்டினோவஸின் பெயரால் அழைக்க வேண்டும் என்றும் அவர் அரசரிடம் சொல்ல, மகிழ்ந்த அரசர் அலெக்சாண்ட்ரியாவின் அறிவாலயமான மியூசியத்தில் அவருக்கு வாழ்நாள் உணவு வழங்க ஆணையிட்டார் என்று அதெனாயஸ் என்ற எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு பரிவாரம் நைலில் தெற்கு நோக்கிச் சென்றது. அக்டோபர் மாதத்தில், ஹெர்மோபோலிஸ் நகருக்கு எதிர்க்கரையை ஒட்டி, ஆன்டினோவஸ் நீரில் மூழ்கி இறந்தான். எப்படி இறந்தான் என்பதற்கு மூன்று விளக்கங்கள் எழுந்தன. அவன் நைலில் தவறி விழுந்தான் என்று ஹேட்ரியனே எழுதியிருந்தார். அந்த நூல் அழிந்துவிட்டாலும், ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ அதை எடுத்துச் சொல்லிவிட்டு, உண்மையில் அவன் பலியிடப்பட்டான் என்று தன் கருத்தைச் சேர்க்கிறார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆரேலியஸ் விக்டரோ, அரசரின் ஆயுள் நீள வேண்டுமானால் வேறொருவர் விருப்பத்துடன் தன் உயிரைத் தர வேண்டும் என்று மந்திரவாதிகள் கூறியபோது, எல்லோரும் பின்வாங்க ஆன்டினோவஸ் மட்டும் முன்வந்தான் என்று சிலர் சொல்வதாக எழுதுகிறார்.

நான் விபத்து என்ற பக்கமே சாய்கிறேன். பிறர் உயிர் நீடிக்கத் தன் உயிரைத் தருவது கிரேக்க இலக்கியத்தில் மிக உயர்ந்த புகழுக்குரிய செயல். ஆன்டினோவஸ் அதைச் செய்திருந்தால், அவனுக்காகக் கோயிலும் நகரமும் எழுப்பிய ஹேட்ரியன் அந்தப் புகழை மட்டும் மறைத்திருக்கத் தேவையில்லை. சோதிடத்திலும் மந்திரச் சடங்குகளிலும் ஹேட்ரியனுக்கு இருந்த ஈடுபாடு ஊரறிந்த ஒன்று. ஆகவே நதியில் ஒரு மரணம் நிகழ்ந்தவுடன் அதைச் சுற்றிப் பலிக் கதைகள் முளைத்ததில் வியப்பில்லை. "பெண்ணைப் போல அழுதார்" என்று ஹிஸ்டோரியா ஆகஸ்டா என்ற பிற்கால வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு ஹேட்ரியனின் துயரத்தை ஏளனமாகக் குறிப்பிடுகிறது. ஆனாலும் பயணம் நிற்கவில்லை. நவம்பர் மாதத்தில் பரிவாரம் தெற்கே தீப்ஸில் உள்ள மெம்னோன் பெருஞ்சிலையைக் காணச் சென்றது. அரசியின் தோழி ஜூலியா பல்பில்லா இயற்றிய கவிதைகள் அந்தச் சிலையின் காலில் இன்றும் செதுக்கப்பட்டபடி இருக்கின்றன. அரசரும் அரசியும் அவற்றில் வருகிறார்கள். சில வாரங்களுக்கு முன் இறந்தவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இனி எகிப்தியரின் நம்பிக்கைக்கு வருவோம், ஏனெனில் அது இல்லாமல் இந்தக் கதை நகராது. நைலில் மூழ்கியோ முதலையால் கொல்லப்பட்டோ இறந்த ஒருவரின் உடல் எந்த ஊரின் அருகே ஒதுங்குகிறதோ அந்த ஊரார் அதைப் பதப்படுத்திப் புனித இடத்தில் அடக்கம் செய்தாக வேண்டும் என்றும், அந்த உடலை நைலின் பூசாரிகளைத் தவிர உறவினர்கூடத் தொடக் கூடாது என்றும் ஹேட்ரியனுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நதியில் இறந்தவர், இறந்து மீண்டெழுந்த ஒசிரிஸ் தெய்வத்தோடு ஒன்றாகிவிடுகிறார் என்பது அதன் அடிப்படை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் டெண்டூர் கோயில், அகஸ்டஸ் பேரரசர் காலத்தில், நதியில் மூழ்கி இறந்ததாகக் கருதப்படும் பெடேசி, பிஹோர் என்ற இரு உடன்பிறந்தாருக்கும் சிறப்புச் செய்து கட்டப்பட்டது. ஆகவே நைலில் மூழ்கிய இளைஞன் ஒருவன் தெய்வமாவதில் எகிப்தியருக்குப் புதுமை எதுவுமில்லை. அதற்கு அரசரின் ஆணைகூடத் தேவையில்லை. ரோமின் பின்சியோ குன்றில் 1822-இல் நிறுத்தப்பட்ட ஒற்றைக்கல் ஊசித்தூண் முழுவதும் எகிப்தியச் சித்திர எழுத்துகளில் பேசுகிறது. அதில் அவன் பெயர் ஒசிரிஸ்-ஆன்டினோவஸ். அவனுக்குச் செய்த கோயில், வழிபாடு, விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றை அந்தத் தூண் விவரிக்கிறது.

அவன் இறந்த இடத்திலேயே, 130 அக்டோபர் 30 அன்று, ஹேட்ரியன் ஒரு நகரத்தை நிறுவினார். அதன் பெயர் ஆன்டினோபோலிஸ். இந்த நகரம் வெறும் நினைவுச் சின்னம் அன்று என்பதைப் பாப்பிரஸ் ஆவணங்கள் காட்டுகின்றன. எகிப்தின் பிற பகுதிகளிலிருந்து கிரேக்கக் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்கள் "புதிய கிரேக்கர்கள்" எனப்பட்டனர். எகிப்தியரை மணந்தாலும் பிள்ளைகளின் குடியுரிமை கெடாது என்ற சலுகை அவர்களுக்கு வழங்கப்பட்டது. வேறு கிரேக்க நகரங்களில் எளிதில் கிடைக்காத உரிமை அது. குழந்தை பிறந்து 30 நாட்களுக்குள் பதிவு செய்தால் அதன் வளர்ப்புச் செலவுக்கு ஹேட்ரியன் ஏற்படுத்திய நிதியிலிருந்து உதவி கிடைத்தது. குடிமக்களின் பிரிவு ஒன்றுக்கே ஒசிரிஸ்-ஆன்டினோவஸின் பெயர்; அதன் உட்பிரிவு ஒன்றுக்குப் பித்தினியாவின் பெயர். இந்த நகரத்திலிருந்து பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகே வரை ஹேட்ரியன் சாலை என்ற பாதையும் அமைக்கப்பட்டது. 137-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதில் காவல் நிலைகளும் நீர்த்தொட்டிகளும் இருந்ததைச் சொல்கிறது. முசிறிக்குக் கப்பல்கள் புறப்பட்டதும், அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்ததும் அதே பெரெனிகேதான்.

கிரேக்க நகரங்களின் ஆர்வத்தை வெறும் முகத்துதி என்று தள்ளிவிடுவோர் பலர். அரசரின் மனத்தை மகிழ்விக்கும் நோக்கம் அதில் இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நகரமும் அவனைத் தன் சொந்தக் கதைக்குள் இழுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் அது மட்டும் போதாது என்று தெரியும். கிரேக்க நாட்டின் ஆர்க்கேடியா பகுதியில் இருந்த மாண்டினேயா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தினியர்கள் தங்கள் மூதாதையர் மாண்டினேயாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவந்தனர். ஆகவே அவன் அந்த ஊரின் பிள்ளையானான். அவனை உயிரோடு பார்த்ததில்லை, சிலைகளிலும் ஓவியங்களிலும்தான் பார்த்தேன் என்று கூறும் பயண எழுத்தாளர் பவுசானியாஸ், மாண்டினேயாவின் கோயில்களிலேயே புதியது ஆன்டினோவஸுடையது என்றும், அங்கே ஆண்டுதோறும் மறைச் சடங்கும் நான்காண்டுக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டிகளும் நடக்கின்றன என்றும், உடற்பயிற்சிக் கூடத்தின் அறையொன்றில் அவனை டயோனிசஸ் தெய்வமாகத் தீட்டிய ஓவியங்கள் உள்ளன என்றும் எழுதுகிறார். பித்தினியோன் வெளியிட்ட நாணயங்களில் தாயகம் தன் தெய்வமான ஆன்டினோவஸுக்குச் செய்யும் சிறப்பு என்ற பொருளில் வாசகம் இருக்கிறது. கிழக்கே முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் அவன் முகத்தை நாணயங்களில் பொறித்தன.

ரோமிலோ நிலை வேறு. அரசர்களையும் அரசிகளையும் தெய்வமாக அறிவிக்கும் உரிமை செனட் சபைக்கு உண்டு. ஆன்டினோவஸை அது ஒருபோதும் அவ்வாறு அறிவிக்கவில்லை, ரோம நாணயச் சாலை அவன் உருவத்தை வெளியிடவுமில்லை. தன் உடன்பிறந்தாள் பவுலினா இறந்தபோது உடனே எந்தச் சிறப்பும் செய்யாத ஹேட்ரியன் இவனுக்கு இவ்வளவு செய்தது கேலிக்கு இடமானது என்று டியோ குறிப்பிடுகிறார். வானில் புதிதாக ஒரு விண்மீனைத் தான் கண்டதாகவும் அது ஆன்டினோவஸின் ஆன்மாவிலிருந்து தோன்றியதாகவும் ஹேட்ரியன் சொன்னதையும் அவர் அதே தொனியில்தான் எழுதுகிறார். ஆனால் வானியலாளர் தாலமி அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் தன் பட்டியலில், நாம் திருவோணம் என்று அழைக்கும் விண்மீன் இருக்கும் கழுகு மண்டலத்துக்குத் தெற்கே ஆறு மீன்களை ஆன்டினோவஸுடன் சேர்த்துக் குறித்தார். பதினாறாம் நூற்றாண்டு டேனிய வானியலாளர் டைகோ பிராகியின் பட்டியலில் அது தனி மண்டலமாகவே நின்றது. இருபதாம் நூற்றாண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் 88 மண்டலங்களை வரையறுத்தபோதுதான் அது முற்றிலும் நீங்கியது.

அவனுடைய உருவச் சிலைகள் ஏறத்தாழ நூறு இன்று எஞ்சியுள்ளன. பண்டைய உலகில் பேரரசர்களைத் தவிர வேறு எவருக்கும் இவ்வளவு கிடைத்ததில்லை என்றே சொல்லலாம். கழுத்தைத் தொடும் அடர்ந்த சுருள் முடி, நேரான தடித்த புருவம், நிறைந்த உதடு, அகன்ற மார்பு, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த தலை ஆகியவற்றை ஒருமுறை பார்த்தவர் பிறகு எந்த அருங்காட்சியகத்திலும் அவனை எளிதில் அடையாளம் காண்பார். டெல்ஃபியில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1894-இல் கண்டெடுத்த சிலை எனக்கு மிகவும் பிடித்தமானது. அது மண்ணிலிருந்து பாதி வெளிப்பட்ட நிலையில், தொழிலாளர்கள் சூழ்ந்து நிற்க எடுத்த புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. எண்ணெய் பூசித் தேய்த்த பளிங்கின் பளபளப்பு அதன் மேனியில் இன்னும் அழியவில்லை. தலையைச் சுற்றிச் சிறுசிறு துளைகள் இருக்கின்றன. வெண்கல இலைகளால் ஆன மாலையைப் பொருத்துவதற்காக இட்ட துளைகள் அவை. சிகாகோ கலைக்கழகத்தில் இருந்த முகத்துண்டு ஒன்று, ரோமின் அல்டெம்ப்ஸ் மாளிகையில் உள்ள, பிற்காலத்தில் வேறு முகம் பொருத்தப்பட்ட மார்பளவுச் சிலையின் காணாமற்போன உண்மை முகம்தான் என்று ஆய்வாளர்கள் நிறுவியதும், 2016-இல் இரண்டையும் சிகாகோவில் ஒன்றாகக் காட்சிக்கு வைத்ததும் அண்மைக்காலச் செய்தி.

ஆனால் மக்கள் உண்மையிலேயே வணங்கினார்களா என்ற கேள்விக்குப் பளிங்குச் சிலைகளைவிட, ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள லனுவியம் ஊரில் 1816-இல் கிடைத்த கல்வெட்டே நல்ல விடை தருகிறது. அது 136-ஆம் ஆண்டுக்குரியது. டயானா தேவியையும் ஆன்டினோவஸையும் காவல் தெய்வங்களாகக் கொண்ட ஓர் ஈமச்சடங்குச் சங்கத்தின் விதிகள் அதில் உள்ளன. உறுப்பினர்கள் அடிமைகளும் எளிய மக்களும். சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல மதுவும் தர வேண்டும். மாதச் சந்தா ஐந்து செப்புக்காசு. உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவுக்குச் சங்கம் 300 செஸ்டர்ஸ் தரும். அதில் 50 ஈமத்தீயருகே வந்தவர்களுக்குப் பகிரப்படும். அடிமையாக இருந்த உறுப்பினரின் உடலை ஈவிரக்கமற்ற உரிமையாளர் தர மறுத்தால், உருவப் பொம்மை செய்து அதற்கு ஈமச்சடங்கு நடத்தப்படும். அடிமை ஒருவன் விடுதலை பெற்றால் ஒரு சாடி மது தந்து கொண்டாட வேண்டும். ஆன்டினோவஸின் பிறந்தநாளான நவம்பர் 27 விருந்து நாட்களில் ஒன்று. விருந்துகளுக்கு ஒருவருக்கு ஒரு ரொட்டி, நான்கு மத்தி மீன் என்று அளவுகூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த விதிகளில் ஒன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. எந்தக் காரணத்துக்காகவும் தற்கொலை செய்துகொண்டவருக்குச் சங்கத்தின் ஈமப்பணம் கிடையாது. தங்கள் தெய்வம் தன்னுயிரைத் தானே கொடுத்தான் என்று அந்த மக்கள் நம்பியிருந்தால் இப்படி ஒரு விதியை அவனுடைய கோயிலிலேயே பொறித்து வைத்திருப்பார்களா? இதை உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது. ஈமச்சங்கம் தன் பணத்தைக் காத்துக்கொள்ளச் செய்த நடைமுறை விதியாகவும் இருக்கலாம். ஆயினும் அவன் இறந்து ஆறே ஆண்டுகளில், அரசவையோடு எந்தத் தொடர்பும் இல்லாத அடிமைகள், தம் உடலுக்கு ஒரு நல்ல அடக்கம் வேண்டும் என்பதற்காக, இளமையில் இறந்து மீண்டெழுந்த ஒருவனின் கோயிலில் கூடினார்கள் என்பதை யாராலும் மறுக்க முடியாது. இதை முகத்துதி என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

எகிப்தில் அவன் பெயர் வேறொரு வழியிலும் வாழ்ந்தது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், கைகள் பின்னால் கட்டப்பட்டு மண்டியிட்ட பெண்ணின் சிறிய களிமண் பொம்மை ஒன்று இருக்கிறது. அதன் உடலில் 13 ஊசிகள் குத்தப்பட்டுள்ளன. அதோடு கிடைத்த ஈயத் தகட்டில், ஒரு பெண்ணைத் தன்னிடம் கட்டியிழுத்து வரும்படி ஆன்டினோவஸ் என்ற இறந்தவனின் ஆவியை ஓர் ஆண் வேண்டுகிறான். அது அரசரின் ஆன்டினோவஸ்தானா, அதே பெயருடைய வேறொருவனா என்பதில் விவாதம் உண்டு. முன்னதுதான் என்று கொள்வோமானால், மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டிலும் அவனை ஆற்றல் மிக்க ஆவியாக மக்கள் நம்பினார்கள் என்று பொருள்.

அவன் வழிபாடு உயிரோடு இருந்ததற்கு அதன் எதிரிகளே நல்ல சாட்சிகள். ஜஸ்டின், தெர்துலியன், அலெக்சாண்ட்ரியாவின் கிளமெண்ட் போன்ற கிறிஸ்தவ எழுத்தாளர்கள் நேற்று வாழ்ந்த ஒருவனை, யாரென்று எல்லோரும் அறிந்தும், அச்சத்தால் வணங்குகிறார்கள் என்று சாடினார்கள். கிறிஸ்தவத்தை எதிர்த்த கெல்சஸ், கிறிஸ்தவர்கள் இயேசுவுக்குச் செய்யும் வழிபாடும் எகிப்தியர் ஆன்டினோவஸுக்குச் செய்யும் வழிபாடும் ஒன்றே என்று எழுதினார். அதை மறுக்க, மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென் இருவரின் வாழ்க்கையையும் ஒழுக்கத்தையும் ஒப்பிட்டு விரிவாக வாதாட வேண்டியிருந்தது. செத்துப்போன வழிபாட்டோடு யாரும் இவ்வளவு முனைந்து வாதாடமாட்டார்கள்.

நான்காம் நூற்றாண்டில் அந்த வழிபாடு மறைந்தது, ஆனால் ஆன்டினோபோலிஸ் நகரம் மறையவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் பல்லாடியஸ், தான் நான்காண்டுகள் வாழ்ந்த அந்த நகரத்தில் பெண் துறவிகளுக்கு 12 மடங்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஆறாம் நூற்றாண்டில் அது தென் எகிப்தின் தெபாய்ட் மாகாண ஆளுநரின் இருப்பிடமாக இருந்தது. அங்கே ஆவணப் பதிவாளராகப் பணிபுரிந்த டயோஸ்கோரஸ் என்ற கிறிஸ்தவக் கவிஞர் எழுதிய பாப்பிரஸ் சுவடிகள் இன்றும் கிடைக்கின்றன. நெப்போலியனின் படையோடு வந்த அறிஞர்கள் அதன் தூண் வரிசைகளையும் வளைவுகளையும் நின்ற நிலையிலேயே வரைந்துகொண்டார்கள். பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கட்டுமானப் பணிகளுக்காக அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றுவிட்டார்கள். ஷேக் இபாதா என்ற சிற்றூரை ஒட்டி இன்று எஞ்சியிருக்கும் மேடுகளில் அகழாய்வுகள் தொடர்கின்றன.